மரக்காணத்தில் 55 கிலோமீட்டர்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குப் பறக்கிற இளைஞர்கள் எதற்காகப் போகிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குடும்பப் பத்திரிகை என்பதால் அதை விட்டுவிடுவோம். போகிற அவசரத்திலும், திரும்பி வருகிற மயக்கத்திலும் அவர்கள் கவனிக்காமல் விடுகிற ஊர் ஒன்று இருக்கிறது. மரக்காணம்.

பாண்டிக்குச் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர் முன்னால், திடீரென்று சாலையின் இரண்டு பக்கமும் கட்டடங்கள் காணாமல் போய், கண்ணுக்கு எட்டின வரை கண்ணாடித் துண்டுகளைப் பரப்பி வைத்த மாதிரி பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மின்னும். வரப்பு ஓரமாகச் சின்னச் சின்ன வெள்ளை மலைகள். பின்னணியில் ஒற்றைக் காலில் தவம் செய்யும் கொக்கு. இதுதான் மரக்காணம் உப்பளம். தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படுகிற பெயர். நேற்று நீங்கள் சாப்பிட்ட ரசத்தில் மரக்காணம் கலந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

உப்பு எடுப்பது உலகத்திலேயே அவசரப்பட முடியாத தொழில். கடல் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம்தான் உப்பு வகைகள். அந்தத் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் காய வைத்து, காய வைத்து, இன்னும் காய வைத்து... உப்பளத்துக்காரர்கள் கையில் ஒரு கண்ணாடிக் குழாய் வைத்திருப்பார்கள். தண்ணீரில் மிதக்க விட்டால் அடர்த்தியை டிகிரியில் காட்டும். கடல் தண்ணீர் 3 டிகிரி. 25-ஐத் தொட்டால் உப்பு பூக்க ஆரம்பிக்கும். 29, 30 டிகிரிக்கு மேல் போனால் மக்னீசியக் கசப்பு சேர்ந்துவிடும், தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும். நடுவில் ஒரு கோடை மழை பெய்தால் மறுபடியும் முதலிலிருந்து! 'சார், கொஞ்சம் சீக்கிரம்' என்று சூரியனிடம் போய் யார் சொல்வது?

இப்படிப்பட்ட பொறுமைசாலி ஊருக்கு நான் போனது வேகத்தைத் தேடி என்றால் சிரிப்பீர்கள். விஷயம் என்னுடையது இல்லை, என் நண்பனுடையது.

என்னோடு பி.காம். படித்தவன். நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு, பேங்கில் கடன் வாங்கி, பழைய ஸ்பீடு போட் ஒன்று வாங்கினான். 18 அடி நீளம், பின்னால் 60 ஹெச்.பி. அவுட்போர்டு இன்ஜின். பாண்டிப் பக்கம் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு சுற்றி வருவதுதான் பிசினஸ். விற்றவர், '55 கிலோமீட்டர் வேகம் சும்மா போகும் சார்' என்றாராம். இவன் கையில் வந்த பிறகு 43-க்கு மேல் ஒரு புள்ளி நகரவில்லை. இந்த நேரம் பார்த்துப் போட்டிக்கு ஒருத்தர் வந்தார். அவர் போட் இவன் போட்டைத் தண்ணீரில் வைத்தே ஓவர்டேக் செய்தது. கரையில் நிற்கிற காலேஜ் பையன்கள் எந்த போட்டில் ஏறுவார்கள்? இரண்டு மாதத் தவணை பாக்கி விழுந்தது.

மெக்கானிக் ஒருவர் சுலபமான வழி சொன்னார்: '60-ஐக் கழட்டிப் போட்டுட்டு 90 ஹெச்.பி. மாட்டுங்க.' சில லட்சம் சமாச்சாரம். பழைய கடனுக்குத் தவணை கட்ட முடியாதவன், புதுக் கடனுக்கு மனு எழுத உட்கார்ந்தபோதுதான் யாரோ சொன்னார்கள்: 'மரக்காணத்துப் பக்கம் ஒரு பைபர் போட்டுக்காரர் இருக்கார். அவர் கண்ணால பார்த்தா போதும்.'

மீன் பிடிக்கிறவருக்கும் ஸ்பீடு போட்டுக்கும் என்ன சம்பந்தம்? நானும் அப்படித்தான் கேட்டேன்.

சம்பந்தம் இருக்கிறது. இந்தக் கரையில் 2004 சுனாமி வரைக்கும் கட்டுமரங்கள் நிறைய. சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் கரை கொள்ளாமல் வந்து இறங்கின. பின்னால் நீண்ட வால் வைத்த டீசல் இன்ஜின், அல்லது அவுட்போர்டு. விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்குப் போய்விட்டுக் காலையில் திரும்புகிற படகுகளுக்காகக் கரையில் வியாபாரிகள் வேனோடும் ஐஸோடும் காத்திருப்பார்கள். ஏலம். முதல் போட்டு மீனுக்கு ஒரு விலை, பத்தாவது போட்டு மீனுக்கு ஒரு விலை. அதே கடல், அதே வலை, அதே மீன்தான். ஆனால் அரை மணி நேரம் பிந்தி வந்தால் அதற்கு மரியாதை குறைந்துவிடும். (நம் ஆபீஸில் பத்தரைக்கு வருகிறவர்களுக்குக்கூட இந்தக் கதி இல்லை.) அதனால் கையில் இருக்கிற சின்ன இன்ஜினை வைத்துக்கொண்டு எப்படி ஒரு கிலோமீட்டராவது கூடுதலாக ஓடலாம் என்பது இவர்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை. வீட்டில் உலை கொதிக்கிற சமாச்சாரம்.

ஒரு மாசி மாதத்துக் காலையில் போட்டை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனோம். முகத்துவாரத்தை ஒட்டிய குப்பம் ஒன்று. வடக்கே இடிந்த ஆலம்பரைக் கோட்டை. 1750-ல் பிரெஞ்சுக்காரர் டூப்ளேவின் கைக்கு வந்து, 1760-ல் இங்கிலீஷ்காரர்கள் உடைத்துப் போட்ட கோட்டை. இரண்டு வெள்ளைக்காரர்கள் சண்டையில் நம் ஊர்ச் செங்கல்தான் போனது. மேற்கே இடையன்திட்டு உப்பங்கழி, அதற்கும் அப்பால் கழுவேலி ஏரி.

போட்டுக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். கொஞ்ச வருஷம் சுற்றுலாப் படகும் ஓட்டியிருக்கிறார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போட்டை ஒரு சுற்று சுற்றி வந்தார். இன்ஜினைப் பார்ப்பார் என்று நினைத்தோம். அதைத் தொடவே இல்லை. போட்டின் தரையில் குதிகாலால் நாலு தட்டு தட்டினார்.

"தம்பி, உள்ள எத்தினி பேர ஏத்திக்கினு வந்தே?"

"நாங்க ரெண்டு பேர்தான் அண்ணே, அதுவும் வேன்ல."

"இன்னொரு ஆளு இருக்கான் பாரு" என்று போட்டின் பின்பக்கம் அடியில் இருந்த தக்கையைப் பிடுங்கினார். போலித் தரைக்குக் கீழே எப்போதோ புகுந்த கடல் தண்ணீர், மடை திறந்த மாதிரி ஓடியது. ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. டிக்கெட் வாங்காத ஒரு பெரிய மனிதர் இத்தனை நாள் உள்ளே உட்கார்ந்து சவாரி செய்திருக்கிறார்!

அடுத்து ஸ்பீக்கர் பெட்டி. நண்பன் பரிதாபமாகப் பார்த்தான். "டூரிஸ்ட்டுக்குப் பாட்டு வேணும் அண்ணே."

"பாட்டு வேணும்னா செல்போன்ல போடு. இது இன்னா, கல்யாண மண்டபமா?"

ஸ்பீக்கர், அதற்கென்று வைத்த இரண்டாவது பேட்டரி, யாரோ 'பேலன்ஸுக்கு' என்று மூக்கில் போட்டு வைத்த மணல் மூட்டை எல்லாம் கரைக்கு வந்தன. ஆனால் நங்கூரத்திலும் லைஃப் ஜாக்கெட்டிலும் கை வைக்க நண்பன் போனபோது ஒரு அதட்டல் போட்டார். "அது வெயிட்டு இல்ல. அது உசிரு." மொத்தத்தில் நூற்றிருபது கிலோ இறங்கியிருக்கும்.

இந்த இடத்தில் என் பி.காம். மூளை கொஞ்சம் விழித்துக்கொண்டது. வேகமாக ஓடுகிற படகுகளுக்கு ஒரு கணக்கு உண்டு. இன்ஜின் சக்தியை இரண்டு மடங்கு ஆக்கினால் வேகம் இரண்டு மடங்கு ஆகாது, சுமார் 1.4 மடங்குதான் ஆகும். வர்க்கமூலக் கணக்கு. 60-ஐ 90 ஆக்கினால் 1.22 மடங்கு. அதாவது மெக்கானிக் சொன்னபடி லட்சங்களைக் கொட்டியிருந்தால் 43 கிலோமீட்டர் 52 ஆகியிருக்கும், அதுவும் புது இன்ஜின் எடை கூடாமல் இருந்தால். எடையைக் குறைப்பதும் அதே கணக்குதான், ஆனால் செலவு பைசா கிடையாது. 920 கிலோ 800 ஆனால் ஏழு சதவிகிதம் வேகம் இலவசம். போட்டின் பின்பலகை தாங்குகிற ஹெச்.பி.க்கு ஓர் எல்லை உண்டு என்பதும், அதற்கு மேல் மாட்டினால் பலகையோடு இன்ஜின் கடலுக்குப் போகும் என்பதும் தனிக் கதை.

அப்புறம் போட்டைச் சாய்த்து அடிவயிற்றைப் பார்த்தோம். பாசி, அதன் மேல் மணல் மணலாகச் சிப்பி. ஆறு மாதமாகத் தண்ணீரிலேயே கட்டி வைத்திருந்த பலன்.

"நீ தாடி வெச்சிக்கினு ஓடலாம். போட்டு தாடி வெச்சிக்கினு ஓட முடியாது" என்று சொல்லிவிட்டுச் சுரண்டியை நண்பன் கையில் கொடுத்தார். அன்று மத்தியானம் முழுக்க அவன் தன் போட்டுக்கு ஷேவிங் செய்தான். நான் பக்கத்தில் நின்று ஆலோசனை சொன்னேன்.

சுரண்டுகிற நேரத்தில் போட்டுக்காரர் விளக்கிய பௌதிகத்தை எந்தக் காலேஜிலும் இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை. "போட்டு தண்ணிய ஒதுக்கிக்கினு போச்சின்னா அது எருமை மாடு. தண்ணி மேல ஏறிடிச்சின்னா குதிரை." உண்மைதான். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற வரை எந்தப் படகும் தானே எழுப்புகிற அலையைத் தாண்ட முடியாது. 18 அடிப் படகுக்கு அந்த எல்லை மணிக்குச் சுமார் பத்து கிலோமீட்டர். அதற்கு மேல் போக வேண்டுமானால் அந்த அலை மேலேயே ஏறி, ஓட்டாஞ்சல்லியைக் குளத்தில் வீசினால் தத்திப் போகுமே, அந்த மாதிரி மேற்பரப்பில் சறுக்க வேண்டும். ஏறின பிறகு ஒரே வேலைதான் பாக்கி. இன்னும் எவ்வளவு குறைவாகத் தண்ணீரைத் தொடலாம்?

இந்த அவுட்போர்டு இன்ஜினே ஒரு காதலால் பிரபலமான பொருள் என்பது தெரியுமோ? நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட், தன் வருங்கால மனைவிக்கு ஐஸ்க்ரீம் வாங்க வெயிலில் ஏரியைத் துடுப்புப் போட்டுத் தாண்டினாராம். திரும்பி வருவதற்குள் ஐஸ்க்ரீம் பாயசமாகிவிட்டது. அந்தக் கோபத்தில் படகுக்குப் பின்னால் மாட்டுகிற இன்ஜினைச் செய்து 1909-ல் விற்க ஆரம்பித்தார் என்று கதை. அவருக்கு முன்பே வேறு சிலர் செய்திருந்தாலும், ஐஸ்க்ரீம் இருக்கிற கதைதான் நிற்கிறது.

மாலையில்தான் போட்டுக்காரர் இன்ஜின் பக்கம் வந்தார். திறந்து பார்க்கவில்லை. இன்ஜின் காலில், காற்றாடிக்கு மேலே, ஒரு தட்டையான பலகை இருக்கும். அது போட்டின் அடிப்பாகத்துக்குச் சமமாகவோ, ஓர் அங்குலம் மேலேயோ இருக்க வேண்டும். நண்பனுடைய இன்ஜினில் அது இரண்டு அங்குலம் கீழே தொங்கியது. அந்தக் கால் அத்தனையும் தண்ணீரில் இழுபடும் பிரேக். போல்ட்டைக் கழற்றி மேல் துளையில் மாட்டினார்கள். அதற்காக இஷ்டத்துக்கு ஏற்றவும் கூடாது. ரொம்ப ஏற்றினால் காற்றாடி காற்றைக் குடித்துவிட்டு, இன்ஜின் ஊரைக் கூட்டி அலறும், போட் நகராது. குளிர்விக்கிற தண்ணீரும் ஏறாது. அது ஏறுகிறதா என்று கண்டுபிடிக்க இன்ஜின் பின்னால் ஒரு சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். "இன்ஜினு ஒண்ணுக்குப் போவுதான்னு பாத்துக்கினே இரு. நின்னுபோச்சின்னா நீயும் நிறுத்திடு" என்றார். டாக்டர்கள் நமக்குச் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்.

கடைசியாகக் காற்றாடி. இங்கேதான் வில்லன் பிடிபட்டார்.

காற்றாடி மேல் ஒரு எண் பொறித்திருக்கும். நண்பனுடையதில் 17. ஒரு சுற்று சுற்றினால் மரத்தில் திருகாணி இறங்குகிற மாதிரி 17 அங்குலம் முன்னேற வேண்டும் என்று அர்த்தம். போட் வாங்கியபோது 15 இருந்திருக்கிறது. கடைக்காரர் யாரோ, 'பெரிய நம்பர் போடுங்க, பெரிய ஸ்பீடு வரும்' என்று சொல்ல, இவன் மாற்றியிருக்கிறான். பழைய 15 டூல் பெட்டியில் சாக்கு சுற்றித் தூங்கிக்கொண்டிருந்தது.

"மேட்டுல டாப் கியர்ல மொபெட்டு ஓட்டினா இன்னா ஆவும்?"

"முக்கும்."

"அதான் முக்குது."

இந்த ரக இன்ஜின் முழு ஆக்சிலேட்டரில் நிமிஷத்துக்கு 5,000-லிருந்து 6,000 சுற்று சுற்ற வேண்டும். 17-ஐ மாட்டிய பிறகு 4,500-ஐத் தாண்டவே இல்லை. பல்சக்கரத்தில் அது பாதியாகி, காற்றாடிக்குப் போவது 2,250. அதை 17 அங்குலத்தால் பெருக்கினால் மணிக்கு 58 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஓடியது 43. இதைக் கணக்குப் பிள்ளை பாஷையில் சொன்னால், கிராஸ் 58, நெட் 43, நடுவில் 26 சதவிகிதம் கழிவு. தண்ணீர் திட மரம் இல்லையே, திருகாணி வழுக்கத்தான் செய்யும். நல்ல படகில் பத்து, பன்னிரண்டு சதவிகிதம் வழுக்கல் நியாயம். 26 என்பது பட்டப்பகல் கொள்ளை. தாடி, பாரம், தொங்குகிற கால், உப்பங்கழி மணல்திட்டில் தட்டி ஓரம் வளைந்த காற்றாடி இலை எல்லாரும் பங்கு போட்டிருக்கிறார்கள்.

15-ஐ மாட்டினால்? இன்ஜின் மூச்சு விட்டு 5,500 சுற்றும். பாதி 2,750. கிராஸ் 63 கிலோமீட்டர். பன்னிரண்டு சதவிகிதம் கழித்தால் நெட் 55. பழைய ஓனர் பொய் சொல்லவில்லை! அங்குலத்துக்கு ஏறக்குறைய 150-லிருந்து 200 சுற்று வித்தியாசம் வரும் என்பது எல்லா மெக்கானிக்குகளுக்கும் தெரிந்த வாய்ப்பாடு. லேசான போட்டில் அதற்கு மேலும் வரும். 15 கூட அதிகமாகச் சுற்றினால் 16, போதவில்லையென்றால் 14. சட்டை அளவு மாதிரி, போட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

ராத்திரி அங்கேயே மணலில் படுத்தோம். வயதான ஊர் இது. சிறுபாணாற்றுப்படை சொல்கிற எயிற்பட்டினம் இதுதான் என்கிறார்கள் ஆராய்ச்சிக்காரர்கள். கி.பி. முதல் நூற்றாண்டு கிரேக்க மாலுமியின் குறிப்பில் வருகிற 'சோபட்மா'வும் இதுதானாம். மரங்களைச் சேர்த்துக் கட்டிய பெரிய கலங்கள் இந்தக் கரையில் ஓடியதாக அவர் எழுதி வைத்திருக்கிறார். அப்போதும் யாராவது ஒருத்தர் அடியைச் சுரண்டிக்கொண்டு இருந்திருப்பார். பக்கிங்ஹாம் கால்வாயும் தெற்கே இங்கேதான் முடிகிறது. 1806-ல் சின்னதாக ஆரம்பித்து, தாது வருஷப் பஞ்ச நிவாரண வேலையில் நீண்டு, 1878-ல் கவர்னர் பெயரை வாங்கிய கால்வாய். இந்த ஊர் உப்பு படகேறி மெட்ராசுக்குப் போன வழி அது. வடக்கே ஆந்திரத்துக் கால்வாய்களோடு சேர்ந்து கிருஷ்ணா வரை நீர்வழி. அந்தக் கிருஷ்ணாவில், விஜயவாடாவில்தான், 2018 நவம்பரில் ஃபார்முலா ஒன் மோட்டார் படகுப் பந்தயம் நடந்தது. அந்தப் படகுகளிலும் இருந்தது அவுட்போர்டு இன்ஜின்தான், இரண்டரை லிட்டர், ஆறு சிலிண்டர். மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகிறவை. கால்வாய் தூர்ந்து போகாமல் இருந்திருந்தால் ஒரு படகாவது மரக்காணத்துக்கு உப்பு வாங்க வந்திருக்கும்.

காலை ஐந்தரைக்கு எழுப்பினார். வெயில் ஏறினால் காற்று லேசாகும், இன்ஜினுக்குச் சக்தி குறையும். மத்தியானக் கடல்காற்று வந்தால் அலையும் எழும். விடியற்காலையில் குளிர்ந்த கரைக்காற்று. கடல் எண்ணெய் தடவிய மாதிரி இல்லை, லேசாகச் சிலிர்த்துக்கொண்டிருந்தது. அதுதான் நல்லதாம். ரொம்பச் சமமான தண்ணீர் போட்டின் அடியைப் பிடித்துக்கொள்ளும், சின்னச் சிலிர்ப்பு இருந்தால் காற்று புகுந்து விடுவித்துவிடும் என்று பந்தயக்காரர்களும் சொல்வார்கள்.

நண்பனுக்கு உப்பங்கழிக்குள்ளேயே ஓட்டிப் பார்த்துவிட ஆசை. போட்டுக்காரர் மறுத்துவிட்டார். கழுவேலி 2021-லிருந்து பறவைகள் சரணாலயம். பனிக்காலத்தில் பூநாரைகளும் நாரைகளும் கூழைக்கடாக்களும் வந்து தங்குகிற இடம். "அந்தாண்ட போனா காட்டிலாகாக்காரன் புடிப்பான். புடிக்கலைன்னாலும் போவக் கூடாது. ஆயிரம் மைலு பறந்து வந்து ஒக்காந்திருக்குது, சாப்பிட விடு." முகத்துவாரத்தை மெதுவாகத் தாண்டிக் கடலுக்குள் போனோம்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு சிவப்புச் சுருள் கயிற்றை நண்பன் கையில் கட்டினார். ஒரு முனை இன்ஜின் சுவிட்சில், மறு முனை ஓட்டுகிறவன் உடம்பில். ஓட்டுகிறவன் தூக்கி எறியப்பட்டால் கயிறு பிடுங்கி இன்ஜின் நின்றுவிடும். இத்தனை நாள் அது சாவிக்கொத்தோடு அழகாகத் தொங்கியிருக்கிறது. ஆள் விழுந்த பிறகு ஓடிக்கொண்டே இருக்கிற போட் நேராகப் போய்விடாது. ஸ்டீயரிங் தானாகத் திரும்பி, வட்டம் போட்டு, விழுந்தவனை நோக்கியே திரும்பி வரும். காற்றாடியோடு. இதை அவர் சொன்ன விதத்தில், எதையோ நேரில் பார்த்திருக்கிறார் என்று தோன்றியது. கேட்கவில்லை.

நண்பன் ஆக்சிலேட்டரைத் தள்ளினான். மூக்கு ஆகாயத்தைப் பார்த்தது. பின்பக்கம் உட்கார்ந்தது. ஒரு நிமிஷம் எருமை. பிறகு திடீரென்று மூக்கு இறங்கி, யாரோ கீழேயிருந்த தரையை உருவின மாதிரி சர்ரென்று குதிரை! 46. 49. 51.

"இப்ப பட்டன அமுக்கு. கொஞ்சம் கொஞ்சமா."

பட்டனை அமுக்கினால் இன்ஜின் சாய்வு மாறும், மூக்கு இன்னும் கொஞ்சம் தூக்கும், அடிப்பாகம் இன்னும் கொஞ்சம் தண்ணீரை விடும். 53. 54. 55. நண்பனுக்கு ஆசை விடவில்லை. இன்னும் ஓர் அமுக்கு. அவ்வளவுதான், போட் ஓங்கில் மீன் மாதிரி மேலும் கீழும் துள்ள ஆரம்பித்தது. என் முதுகெலும்பு எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டேன். "துள்ளுதா? ஒரு துளி எறக்கு. அதான் அளவு." இறக்கியதும் துள்ளல் நின்றது. முள் 56-ல் நின்றது.

கத்திக் குதித்த நண்பனின் உற்சாகத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினார். "இது வடக்கால போற நீரோட்டம் குடுத்தது. திரும்பி வா பார்க்கலாம்." திரும்பி வந்தோம், 54. இரண்டையும் கூட்டி வகுத்தால் 55. உலக சாதனைக்கும் இதே விதிதான். எதிரெதிர்த் திசையில் இரண்டு ஓட்டம், ஒரு மணி நேரத்துக்குள், சராசரி. ஆஸ்திரேலியாவின் கென் வார்பி 1978 அக்டோபர் 8-ம் தேதி மணிக்கு 511 கிலோமீட்டர் ஓடியதும் அப்படித்தான். மரத்தாலான அந்தப் படகை அவர் செய்தது தன் வீட்டுக் கொல்லையில். இன்ஜின், விமானப் படை ஏலத்தில் வாங்கிய பழைய ஜெட். 2023-ல் அவர் காலமானபோதும் அந்தச் சாதனை அப்படியே இருந்தது. லட்சம் லட்சமாகச் செலவு செய்தால்தான் வேகம் என்று சொல்கிறவர்களுக்கு இந்தத் தகவல் ஒத்துக்கொள்ளாது.

கரைக்கு வந்தபோது ஏலம் முடிகிற நேரம். எங்களுக்காக அன்று அவர் மீனுக்குப் போகவில்லை. வந்திருந்தால் ஒன்றோ இரண்டோ கூடை. நண்பன் நோட்டுகளை நீட்டினான். எண்ணிப் பார்த்து, ஒரு நாள் மீன் விலைக்குச் சரியாக எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். "இன்ஜின மாத்தியிருந்தா இதப் போல எத்தினி மடங்கு ஆயிருக்கும்?" என்று மட்டும் கேட்டார். நண்பன் பதில் சொல்லவில்லை. மனு எழுதிய காகிதம் சட்டைப் பையிலேயே இருந்தது.

"வேலை முடியல. தண்ணி எங்க?" என்றார்.

உப்புத் தண்ணீரில் ஓடின இன்ஜினுக்குள் அப்படியே விட்டால், உப்பளத்துப் பாத்தி மாதிரி உள்ளேயே உப்பு பூத்துவிடும். தண்ணீர் ஓடுகிற வழி அடைத்துக்கொள்ளும், இன்ஜின் சூடேறி நின்றுவிடும். ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்குப் பிறகும் பத்துப் பதினைந்து நிமிஷம் நல்ல தண்ணீரை உள்ளே ஓட விட வேண்டும். இன்ஜின் காலில் ஒட்டியிருக்கிற துத்தநாகக் கட்டியையும் காட்டினார். உப்பு அலுமினியத்தைத் தின்னாமல் இதை முதலில் தின்னும். பாதி கரைந்தால் மாற்றிவிட வேண்டும். வீட்டில் எல்லார் திட்டையும் வாங்கிக்கொள்கிற மாப்பிள்ளை மாதிரி ஒரு ஜீவன்.

வேனிலிருந்து நல்ல தண்ணீர் டிரம்மை இறக்கினோம். கிணறு தோண்டினால் கரிப்புத் தண்ணீர் வருகிற கரை அது. குழாயடியில் குடத்தோடு வரிசையில் நின்ற ஓர் ஆயா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"குடிக்கிற தண்ணிய மிசினுக்கு ஊத்துறானுங்க பாரு."

நண்பன் ஒன்றும் பேசாமல் டிரம்மைச் சாய்த்து, முதலில் வரிசையில் இருந்த நாலு குடத்தை நிரப்பினான். மீதித் தண்ணீரில் இன்ஜின் குளித்தது.